தொட்டி மாற்றும் உத்தரவை யார் போட வேண்டும்?

சித்திரை பிறந்து பள்ளிக்கூடம் விடுமுறை விட்டால் நம் புதுச்சேரி மாடிகளில் இரண்டு வேலை நடக்கும். ஒரு பக்கம் வடவம் காயும். இன்னொரு பக்கம் செடிகளுக்குத் தொட்டி மாற்றுவார்கள். வடவத்துக்கு அந்த வெயில் வேண்டும். செடிக்கோ, அந்த வெயிலில் வேரைக் கிளறுவதைப் போன்ற கெடுதல் வேறொன்றும் கிடையாது. இருந்தும் வருடா வருடம் நடக்கிறது. காரணம் செடியிடம் இல்லை, நம்மிடம் இருக்கிறது. பிள்ளைகள் வெளியூரிலிருந்து வருவது அப்போதுதான். பேரப்பிள்ளைகள் கூடமாட ஓடுவது அப்போதுதான். பெரிய தொட்டியைத் தூக்க ஆள் கிடைப்பதும் அப்போதுதான். ஆள் கிடைக்கிற நாளில் மாற்றுகிறோம். செடி என்ன கேட்கிறது என்று பார்ப்பதில்லை.

இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் என் வயதுக்காரர்கள். ஓய்வூதியமும், முழங்கால் வலியும், மாடியில் பத்துப் பதினைந்து தொட்டியும் உள்ளவர்கள். ஆகவே என் அபிப்பிராயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் நடக்கும் தொட்டி மாற்றங்களில் பெரும்பாலானவை தேவையில்லாதவை. தேவைப்படுகிறவற்றிலும் பல, தவறான மாதத்தில், தேவைக்கு மிஞ்சிய தொட்டிக்குப் போகின்றன. தொட்டி மாற்றும் உத்தரவை வேர்தான் போட வேண்டும். நாள்காட்டியோ, நர்சரிக்காரரோ, செல்போன் வீடியோவோ, ஊரிலிருந்து வந்த மகனோ போடக் கூடாது.

"உத்தரவு" என்ற சொல்லை வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். எஸ்டாபிளிஷ்மென்ட் பிரிவில் உட்கார்ந்து எத்தனையோ இடமாற்றல் உத்தரவுகளைத் தட்டச்சு செய்தவன் நான். நம் யூனியன் பிரதேசத்தில் இடமாற்றல் என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. காரைக்கால் என்றால் பரவாயில்லை, பஸ் ஏறினால் அன்றைக்கே போய்ச் சேரலாம். மாஹே என்றால் கேரளத்தில், அரபிக்கடல் ஓரம். யானம் என்றால் ஆந்திரத்தில், கோதாவரிப் பக்கம். ஊரும் வேறு, பாஷையும் வேறு, சோறும் குழம்பும் வேறு. அந்தக் காகிதத்தை வாங்கும்போது ஒரு குமாஸ்தாவின் முகம் எப்படிப் போகும் என்று நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் பிள்ளைகளின் பள்ளி ஆண்டு முடிந்த பிறகு பொது இடமாற்றலைப் போடுவது வழக்கம். புது இடத்தில் சேருவதற்கு விதியிலேயே அவகாசமும் உண்டு. ஊர் மாறினால், 1000 கிலோமீட்டருக்குள் இருந்தால், 10 நாள். ஜாயினிங் டைம் என்போம். பெட்டி கட்டி, போய் இறங்கி, கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளத்தான் அது.

ஒரு குமாஸ்தாவுக்கு அரசாங்கம் இவ்வளவு யோசித்திருக்கிறது. செடிக்கு நாம் அதில் கால்வாசி யோசித்தால் போதும். கோப்பைப் பார்த்து, காலம் பார்த்து, அவகாசம் கொடுத்து மாற்ற வேண்டும்.

முதலில் கோப்பு. செடியின் கோப்பு மண்ணுக்குள் இருக்கிறது. இலை மஞ்சளாகிறது என்றவுடன் "தொட்டி போதவில்லை" என்று தீர்மானித்துவிடுகிறோம். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் மட்டும் மஞ்சளானால் பெரும்பாலும் அது சத்துக் குறைவு. ஒரு கை மட்கிய எரு போட்டால் தீருகிற காரியம். தண்ணீர் அதிகமானாலும் இலை மஞ்சளாகும். இலை ஓரம் கருகினால் வெயிலோ, தண்ணீரின் உப்போ காரணமாக இருக்கலாம். கடலோர ஊரில் நம் போர் தண்ணீர் பல தெருக்களில் உப்புத்தான். இவற்றுக்கெல்லாம் தொட்டி மாற்றினால், பல் வலிக்கு வீடு மாற்றிய கதைதான்.

தொட்டி உண்மையிலேயே போதாமல் போனால் வேறு விதமாகத் தெரியும். அடித்துளை வழியாக வேர் வெளியே எட்டிப் பார்க்கும். ஊற்றிய தண்ணீர் மண்ணில் தங்காமல் சரசரவென்று அடியில் ஓடிவிடும். காலையில் ஊற்றியும், முன்பெல்லாம் அப்படி இல்லாத செடி மாலைக்குள் துவளும். புதிதாக வரும் இலைகள் வரவரச் சிறுத்துக்கொண்டே போகும். கறுப்புக் கவரிலோ பிளாஸ்டிக் தொட்டியிலோ இருந்தால் பக்கங்கள் உப்பும். மண்தொட்டியாக இருந்தால் விரிசல்கூட விடும். இவற்றில் ஒன்றிருந்தால் சந்தேகப்படலாம். இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் கோப்பைத் திறந்து பார்க்கலாம்.

திறப்பது இப்படி. முதல் நாள் மாலை நன்றாகத் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். மறுநாள், தண்டை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து, உள்ளங்கையால் மண்ணைத் தாங்கிக்கொண்டு தொட்டியைச் சாய்த்து, விளிம்பைத் திண்ணை ஓரத்தில் மெல்லத் தட்டுங்கள். மண்கட்டி அப்படியே வழுக்கிக்கொண்டு வரும். தண்டைப் பிடித்து இழுக்க வேண்டாம். வெளியே வந்த கட்டியில் மண் நிறையவும் வெள்ளை வேர்கள் ஆங்காங்கேயும் தெரிந்தால், செடி சுகமாக இருக்கிறது என்று அர்த்தம். எடுத்த மாதிரியே திரும்ப வைத்துவிடுங்கள். மாற்றல் தேவையில்லை, கோப்பை மூடலாம்.

மண்ணே தெரியாமல் வேர்கள் தொட்டியின் உருவத்திலேயே சுற்றிச் சுற்றிப் பின்னிக் கிடந்தால்தான் நேரம் வந்துவிட்டது. பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள் இதை "ஷின்யோன்" என்கிறார்கள். கொண்டை என்று பொருள். இவ்வளவு பொருத்தமான சொல்லை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பெண்கள் முடியைச் சுருட்டிச் சொருகுவார்களே, அதே உருவம். செடி கொண்டை போட்டுவிட்டதா என்று பாருங்கள். போட்டிருந்தால் மாற்றுங்கள். போடாவிட்டால் விட்டுவிடுங்கள். என் முழுக் கட்டுரையையும் இந்த நாலு வரியில் அடக்கிவிடலாம்.

இதற்கு ஒரே விதிவிலக்கு, வேர் அழுகல். கட்டியை எடுக்கும்போது சாக்கடை வாடை அடித்து, வேர்கள் பழுப்பாகக் குழைந்து கையோடு வந்தால், அது அவசரக் கேஸ். மாதம் பார்க்காமல் அழுகியதை வெட்டி எறிந்து, புது மண்ணில், முடிந்தால் இன்னும் சின்னத் தொட்டியில் வைக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு நல்ல நேரம் பார்த்துப் போவதில்லை அல்லவா?

இனி காலம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நம் தலைமுறைக்கு "லெசோன் த ஷோஸ்" வகுப்பு நினைவிருக்கும். பொருள்களைக் கொண்டு பாடம் சொல்லும் வகுப்பு. பருவங்கள் நாலு என்று அதில்தான் மனப்பாடம் செய்தோம். வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம். வெளியே ஜன்னலில் வேப்பமரம் வியர்த்துக்கொண்டிருக்கும், உள்ளே நாங்கள் பனி விழுவதைப் பற்றி எழுதிக்கொண்டிருப்போம். பிரான்சிலிருந்து வரும் உறவினர்கள் கொண்டுவரும் தோட்ட இதழ்களில் இன்றும் அந்தக் கணக்குத்தான். செடி துளிர்விடும் மார்ச், ஏப்ரலில் தொட்டி மாற்று என்பார்கள். அங்கே அது சரி. அங்கே மார்ச்சுக்குப் பிறகு இதமான வெயில் வருகிறது. இங்கே மார்ச்சுக்குப் பிறகு வருவது அக்னி நட்சத்திரம்.

நவம்பர் 25 அங்கே சேன்த் கத்தரின் திருநாள். அன்றைக்கு நடுகிற எந்த மரமும் வேர் பிடிக்கும் என்பது பிரெஞ்சுக் கிராமத்துப் பழமொழி. குளிர் இறுகுவதற்கு முன் மண்ணில் இன்னும் வெதுவெதுப்பு இருக்கும் நாள் அது. நம் ஊரில் அதே வாரம் என்ன? கார்த்திகை மழை. 2024இல் அந்தத் திருநாளுக்கு ஐந்தாம் நாள், நவம்பர் 30 அன்று, ஃபெஞ்சல் புயல் நம் தலைமேல் வந்து நின்றது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அந்த வாரம் வேரை அறுத்துப் புது மண்ணில் வைத்த செடி என்னவாகும்? மழை முடியும்வரை அது சேற்றில்தான் நிற்க வேண்டும். அறுபட்ட வேர், காற்றில்லாத ஈரமண்ணில் ஆறாது, அழுகும். சேன்த் கத்தரின் மேல் குறையில்லை. அவருடைய அதிகார எல்லை புதுச்சேரி வரை வராது, அவ்வளவுதான்.

நமக்கு நம் பெரியவர்கள் வேறு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்றார்கள். விதைக்குச் சொன்னது தொட்டிக்கும் பொருந்தும். ஆடி, ஆவணியில் வெயில் சற்றுத் தணிந்து, சாயங்காலத்தில் அவ்வப்போது ஒரு மழை தட்டும். மாற்றிய செடி வேர்விட்டு நிலைப்பதற்கு, ஐப்பசி மழைக்கு முன் இரண்டு மாதம் கையில் இருக்கும். இது முதல் வாய்ப்பு. இரண்டாவது தை, மாசி. மழை ஓய்ந்து, பனி இறங்கி, வெயில் இன்னும் ஏறாத காலம். தாவரவியல் பூங்காவில் மலர், காய், கனிக் கண்காட்சி பெரும்பாலும் பிப்ரவரியில்தான் நடக்கிறது. 1826இல் தொடங்கிய பூங்கா அது, அந்த மண்ணுக்கு இந்த ஊர்க் காலம் தெரியும். கண்காட்சியைப் பார்த்துவிட்டு வந்த கையோடு வீட்டுத் தொட்டிகளையும் ஒரு முறை பார்த்துவிடலாம்.

இந்த இரண்டு வாய்ப்பிலும் நாளின் நேரம் மாலைதான். தண்ணீரை உறிஞ்சுவது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வேர்த்தூவிகள். நாம் எவ்வளவு பக்குவமாக எடுத்தாலும் அவற்றில் பல அறுந்துபோகும். இலையோ வெயில் இருக்கும்வரை நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும். வரவு குறைந்து செலவு மட்டும் நடக்கிற குடும்பம் மாதிரி ஆகிவிடும். மாலையில் மாற்றினால் ஓர் இரவு முழுக்கச் செலவு குறைவு.

அடுத்தது தொட்டியின் அளவு. இங்கேதான் நம்மவர்கள் மனம் தாராளமாகிவிடுகிறது. "எப்படியும் வளரப் போகுது, ஒரேயடியா பெரிய தொட்டியிலே வெச்சுடலாம்." பிள்ளைக்குச் சட்டை தைப்பதற்கு அந்தக் கணக்குச் சரி. செடிக்குச் சரியில்லை. வேர் இருக்கும் மண்ணில் ஈரத்தை வேர் குடித்துவிடும். வேர் எட்டாத மண்ணில் ஊற்றிய தண்ணீர் அப்படியே கிடக்கும். ஆறங்குலச் செடியைக் கொண்டுபோய் அறுத்த நீல டிரம்மில் வைத்தால், நடுவில் ஒரு பிடி வேர், சுற்றிலும் ஒரு சேற்றுக்குளம். வேருக்குத் தண்ணீரைப் போலவே காற்றும் வேண்டும். இருக்கிற தொட்டியைவிட இரண்டு அங்குலம் அகலம் கூடுதலாக இருந்தால் போதும். ஆறிலிருந்து எட்டு, எட்டிலிருந்து பத்து. ஒவ்வொரு கிரேடாகத்தான் பதவி உயர்வு. எல்.டி.சி.யை நேரே செயலாளர் ஆக்க முடியுமா?

தொட்டி என்றதும் வில்லியனூர் ஞாபகம் வருகிறது. அங்கத்திய சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. நான் பிளாஸ்டிக்குக்கு விரோதி இல்லை, மாடிக்குப் பாரம் குறையும். ஆனால் மண்தொட்டியின் சுவர் மூச்சு விடும். தண்ணீர் கொஞ்சம் கூடிப்போனாலும் மன்னித்துவிடும். கை தாராளமான வீட்டுக்கு மண்தொட்டியே நல்லது. தண்ணீர் ஊற்ற மறக்கிற வீட்டுக்குப் பிளாஸ்டிக் நல்லது.

அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் கருங்கல் ஜல்லி கொட்டுவதும் நம்மிடம் ஒரு வழக்கம். தண்ணீர் நன்றாக வடியுமாம். நடப்பது நேர்மாறு. நுண்ணிய மண்ணிலிருந்து நீர் சட்டென்று ஜல்லிக்குள் இறங்காது. ஜல்லிக்கு மேல் மண்ணில் ஒரு நனைந்த பட்டையாகத் தங்கி நிற்கும். ஜல்லி எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கு அந்த ஈரப்பட்டை வேருக்குப் பக்கத்தில் ஏறிவிடும். துளையின் மேல் வளைந்த ஓட்டாஞ்சில்லு ஒன்று போதும், மண் ஓடாமல் இருக்க. வடிகால் மண்ணின் கலவையில் இருக்க வேண்டும். செம்மண், மணல், மட்கிய எரு மூன்றும் சம பங்கு. பாரம் குறைய வேண்டுமானால் செம்மண்ணில் கொஞ்சத்தைக் குறைத்துக் கழுவிய தேங்காய் நார்க்கழிவு சேர்க்கலாம்.

மாற்றும்போது கொண்டையை அப்படியே புதுத் தொட்டியில் இறக்கிவிடக் கூடாது. இறக்கினால் வேர் பழைய வழக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும், புது மண்ணுக்குள் நுழையாது. விரலால் மெல்லக் கலைத்துவிட வேண்டும். இறுகியிருந்தால் கத்தியால் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக மூன்று நாலு இடத்தில் லேசாகக் கீறலாம். தண்டு முன்பு எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில் இருக்கட்டும். மேலே ஓர் அங்குலம் இடம் விடுங்கள், தண்ணீர் நிற்க. அடியில் ஒழுகும்வரை ஒரு முறை ஊற்றுங்கள். பிறகு நம் ஜாயினிங் டைம். 10 நாள் நிழலில் இருக்கட்டும், பிறகு படிப்படியாக வெயிலுக்கு. உரம் ஒரு மாதத்துக்கு வேண்டாம். புதிதாகப் பொறுப்பேற்றவர் மேசையில் முதல் நாளே முப்பது கோப்பை வைக்கக் கூடாது.

காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலோ நர்சரியிலோ வாங்கி வந்த செடிக்கும் இதே விதி. வீட்டுக்கு வந்த அன்றே கவரைக் கிழிக்கத் துடிக்கிறோம். அது பச்சை வலைக்குக் கீழே வளர்ந்தது. வண்டியில் குலுங்கி வந்திருக்கிறது. இப்போது உங்கள் மாடி வெயிலைப் பார்க்கிறது. ஒரே நாளில் எத்தனை இடமாற்றல்? பத்துப் பதினைந்து நாள் அந்தக் கவரிலேயே, பாதி நிழலில் இருக்கட்டும். ஊர் பழகட்டும்.

எல்லாச் செடிக்கும் ஒரே விதி கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் ஊர்ச் சுவரெல்லாம் தொங்கும் காகிதப்பூ, பூகேன்வில் என்ற பிரெஞ்சுக் கடலோடியின் பெயரைத் தாங்கியது. அதற்கு இறுக்கமான தொட்டிதான் பிடிக்கும். இடம் தாராளமானால் இலையாகத் தள்ளும், பூக்க மறக்கும். அதன் வேர் மிக மெல்லியது, கலைத்தால் கோபித்துக்கொள்ளும். கட்டாயம் மாற்ற வேண்டுமென்றால் கட்டி உடையாமல் மாற்றுங்கள். குண்டுமல்லிக்கு மழை ஓய்ந்த பின் கவாத்து செய்வோம் அல்லவா, மாற்றுவதானால் அதோடு சேர்த்து மாற்றிவிடலாம். பங்குனியில் மொட்டு வைக்கத் தொடங்கிய பிறகு தொடக் கூடாது. எலுமிச்சையைப் பூவும் பிஞ்சுமாக இருக்கும்போது மாற்றினால் எல்லாவற்றையும் உதிர்த்துவிடும். துளசி நெடுநாள் வாழும் செடி இல்லை. தண்டு மரத்துப்போன கிழத் துளசியைத் தொட்டி மாற்றிக் காப்பாற்றப் பார்ப்பதைவிட, அதன் விதையைத் தூவிப் புதிது வளர்ப்பது மேல். தக்காளி, கத்தரி நாற்றுகளுக்கு மட்டும் காத்திருக்க வேண்டாம். 25, 30 நாளில் நாலைந்து உண்மையான இலை வந்ததும் பெரிய இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். அவற்றின் ஆயுளே சில மாதம்தான்.

ஒரு செய்தி சொல்கிறேன். சம்பந்தப்பட்ட அம்மாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன், அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். அவர் வீட்டு மாடியில் ஒரு கறிவேப்பிலை, பன்னிரண்டு அங்குல மண்தொட்டியில். மறைந்த கணவர் வைத்தது. பல வருடம் அதே தொட்டி. தெருவில் பாதிப் பேர் அதில்தான் பறித்திருப்போம். ஒரு மே மாதம் மகன் வந்தார். அம்மாமேல் பிரியமான பிள்ளை. "அப்பா செடி இத்தனூண்டு தொட்டியிலே கஷ்டப்படுதும்மா" என்று சொல்லி, அறுத்த டிரம் ஒன்றும், நாலு மூட்டை மண்ணும், கடையில் விற்கும் உரமும் வாங்கிவந்து, ஒரே மத்தியானத்தில் வேலையை முடித்துவிட்டு மறுநாள் ரயிலேறினார்.

இரண்டு வாரம் கழித்து அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார். "என்னன்னு பாருங்க சார், இலையெல்லாம் கொட்டுது. வாடுதேன்னு ரெண்டு வேளையும் தண்ணி ஊத்துறேன்."

"எந்த இடத்துலேம்மா வெச்சிருக்கீங்க?"

"அவன் வெச்ச இடத்துலேதான். என்னால அதை நகர்த்த முடியுமா?"

விரலை மண்ணில் விட்டுப் பார்த்தேன். கூழாக இருந்தது. உச்சி வெயில், கூழ் மண், அறுந்த வேர், அதற்கு மேல் உரம். நிழலுக்கு நகர்த்தலாம் என்றால் டிரம்மை அசைக்க மூன்று ஆள் வேண்டும். ஆனியில் செடி போய்விட்டது. தீபாவளிக்கு மகன் வருவதற்குள் அந்த அம்மா சந்தையில் ஒரு கறிவேப்பிலைக் கன்று வாங்கி அதே டிரம்மில் நட்டு வைத்தார். "அவன் கேட்டா, கவாத்து பண்ணினேன், துளிர்க்குதுன்னு சொல்லிடுங்க சார். மனசு கஷ்டப்படுவான்" என்றார். அப்படியே சொன்னேன்.

அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கண்ணுக்குத் தொட்டி சின்னதாகத் தெரிந்தது, உண்மை. ஆனால் அந்தச் செடி வருடக்கணக்காக இலை கொடுத்துக்கொண்டிருந்தது என்பதும் உண்மை. சின்னத் தொட்டி என்பது நோய் இல்லை. தினமும் பார்த்தவர் அந்த அம்மா. அவரை யாரும் கேட்கவில்லை.

நம் வயதில் இந்த விஷயம் செடியோடு நிற்பதில்லை, நிலைமை அப்படி. பன்னிரண்டு அங்குலத் தொட்டி, ஈரமண்ணோடு 25 கிலோவைத் தாண்டும். நாற்பது வயதில் நாம் அதை இடுப்பில் தூக்கி வைத்தோம். இன்று அதைத் தூக்கினால் அடுத்து நம்மை இரண்டு பேர் தூக்க வேண்டியிருக்கும். ஆகவே நாம் பெரிய தொட்டிக்குப் போகும் ஒவ்வொரு முறையும், செடியின் வாழ்க்கையை இன்னொருவருடைய விடுமுறையோடு கட்டிவிடுகிறோம். புயல் வந்தால் உள்ளே இழுக்க முடியாது. வெயில் கொளுத்தினால் நகர்த்த முடியாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த காலையில் உயரச் செடிகள் நின்ற பெரிய தொட்டிகள் மாடிகளில் எப்படி உருண்டன என்பதை நாம் பார்த்தோம்.

அதனால் என் வயதுக்காரர்களுக்கு நான் சிபாரிசு செய்வது, மாற்றாமல் காப்பாற்றும் வழிகளை. பிரெஞ்சில் "சுர்ஃபசாஜ்" என்று ஒன்று உண்டு. மேல்மண் மாற்றுவது. பெரிய தொட்டியில் இருக்கும் செடியை அசைக்காமல், மேலே இரண்டு அங்குல மண்ணை மட்டும் வேர் காயப்படாமல் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புது மண்ணும் மட்கிய எருவும் நிரப்புவது. வருடத்துக்கு ஒரு முறை, தை மாதத்தில். ஒரு களைக்கொத்தியும் ஒரு முக்காலியும் இருந்தால் உட்கார்ந்தபடியே செய்யலாம். பல செடிகளுக்கு இதுவே பல வருடம் போதும்.

இரண்டாவது வழி, கொண்டை போட்ட செடியைப் பெரிய தொட்டிக்கு அனுப்பாமல் அதே தொட்டியில் புதுப்பிப்பது. வெளியே எடுத்து, சுற்றிலும் அடியிலும் ஓர் அங்குலக் கனத்துக்கு வேரையும் மண்ணையும் செதுக்கிவிட்டு, மேலே கிளைகளையும் அதற்கேற்பக் கவாத்து செய்து, புது மண் போட்டு அதே தொட்டியில் வைப்பது. ஜப்பானியர் போன்சாய் மரத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சின்னத் தட்டில் வைத்திருப்பதற்கு அடிப்படை இந்தக் கைவேலைதான். எட்டங்குலம், பத்தங்குலம் வரை இதை நாமே செய்யலாம். அதற்கு மேல் போன செடிக்கு உதவி வேண்டும்தான். ஆனால் உதவிக்கு ஆள் வரும் நாளை நாம் சொல்ல வேண்டும். மே மாதம் வரும் பிள்ளையிடம், "இப்போ வேண்டாம்பா, செம்மண்ணும் மணலும் மட்டும் மேலே ஏத்தி வெச்சிட்டுப் போ. மண்தொட்டி ரெண்டு வில்லியனூர்லேருந்து வாங்கிக் குடுத்துட்டுப் போ. ஆடியிலே நான் ஆள் வெச்சுப் பாத்துக்கிறேன்" என்று சொல்லலாம். பிள்ளைக்கும் ஒரு வேலை செய்த திருப்தி. செடிக்கும் ஆபத்தில்லை.

சந்தேகம் இருந்தால் குரும்பாப்பேட்டில் காமராஜர் பெயரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, போய்க் கேளுங்கள். வீடியோவில் பேசுகிறவருக்கு உங்கள் தெருத் தண்ணீர் உப்பா, உங்கள் மாடி மேற்குப் பார்த்ததா என்று தெரியாது.

"சார், அப்போ என் செடியை மாத்தலாமா, வேண்டாமா?" என்று சிலர் நேரடியாகக் கேட்பார்கள். தொலைபேசியில் கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. நாளை மாலை தண்ணீர் ஊற்றுங்கள், மறுநாள் தொட்டியைச் சாய்த்துப் பாருங்கள், பார்த்ததை எனக்குச் சொல்லுங்கள் என்பேன். பார்த்த பிறகு திரும்பக் கூப்பிட்டவர்கள் குறைவு. அவர்களுக்கே தெரிந்துவிடுகிறது.